இரவு இரண்டு மணி வரை நேற்றுதான்: பவர் ஆட்டோமேட்டுடன் மூன்று ஆண்டுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மசாலா மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். ஆர்டர், டெலிவரி நோட்டு, வரி இன்வாய்ஸ் என்று ஒரே விவரத்தை மூன்று முறை தட்டச்சு செய்து சலித்துப்போய், மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, இப்படித் திரும்பத் திரும்ப வரும் வேலைகளைத் தானாகச் செய்யும் மைக்ரோசாஃப்ட் பவர் ஆட்டோமேட்டுக்கு மாறினோம். எனக்கு நிரல் எழுதத் தெரியாது, எக்செல் தெரியும். முக்கால்வாசி வேலைக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஆர்டர் படிவம் வந்ததும் எக்செல் அட்டவணையில் ஒரு வரி சேரும். வேர்டு மாதிரிப் படிவத்தின் காலியிடங்கள் நிரம்பி, பிடிஎஃப் ஆகி, இணையத்தில் கோப்புகளைச் சேமிக்கும் ஷேர்பாயிண்டில் போய் உட்காரும். வேர்டு படிவத்தை நிரப்பும் இணைப்புக்குத் தனி உரிமம் வாங்க வேண்டும். பட்ஜெட் போடும்போதே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே 5,000 ராண்டைத் தாண்டும் இன்வாய்ஸில் வாங்குபவரின் பெயர், முகவரி, அவர் வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவு பெற்றவரானால் வாட் எண் எல்லாம் இருக்க வேண்டும். அந்தத் தொகையையே ஒரு நிபந்தனையாக வைத்தேன். விவரம் குறைந்தால் இன்வாய்ஸ் வெளியே போகாது.

மின்வெட்டுக் காலத்தில்தான் இதன் அருமை தெரிந்தது. அலுவலகம் இருட்டில் கிடந்தாலும் ஃப்ளோ, அதாவது நாங்கள் அமைத்த இந்தத் தானியங்கி வேலைத்தொடர், ஓடுவது எங்கள் கணினியில் இல்லையே. விளக்கு வரும்போது இன்வாய்ஸ்கள் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆனால் ஏப்ரல் 1 அன்று என் முகத்தில் ஈயாடவில்லை. நள்ளிரவு 12.30க்கு ஓடிய இன்வாய்ஸ்கள் அனைத்திலும் மார்ச் 31 என்று தேதி விழுந்திருந்தது. எங்களுக்கு வாட் காலம் மார்ச்சோடு முடிகிறது. அத்தனையும் தவறான காலத்துக்குள் போய்விட்டன. ஃப்ளோ ஓட வேண்டிய நேரத்தைத் தென்னாப்பிரிக்க நேரப்படி சரியாகத்தான் வைத்திருந்தேன். தேதியை எடுக்கும் கட்டளை தந்ததோ உலகப் பொது நேரம். நாம் அதைவிட இரண்டு மணி முன்னால் இருக்கிறோம். ஆகவே இரவு இரண்டு மணி வரை அதற்கு நேற்றுதான். தவறு என்னுடையது. நேர மண்டலத்தை மாற்றும் ஒரு படியைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. சோதனையைப் பகலில் மட்டும் செய்தால் இது கண்ணில் படவே படாது.

ஒப்புதல் கேட்டுக் காத்திருக்கும் ஃப்ளோ 30 நாளில் காலாவதியாகிவிடும். முதலாளியம்மா விடுமுறையில் போனால் வேறொருவரிடம் போகும்படி முன்பே அமைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட என்னைப் பாடாய்ப்படுத்தியவை நம் பெயர்கள். கப்பலேறி வந்த காலத்தில் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்ததில் கவுண்டர் கொவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார். பிள்ளைக்கு ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துக்கூட்டல் என்று நான் எண்ணுவதையே விட்டுவிட்டேன். பெயரை வைத்து வாடிக்கையாளரைத் தேடச் சொன்னேன். ஒருவருடைய மிளகாய்த்தூள் இன்னொருவர் கணக்கில் ஏறியது. இப்போது ஒவ்வொருவருக்கும் ஒரு எண். எண் இல்லாமல் வரும் ஆர்டரை ஃப்ளோ நிறுத்தி என்னிடம் அனுப்பும். வாரத்துக்கு நான்கைந்து வருகின்றன, பெரும்பாலும் பிள்ளைகள்தான்.