ஐ-ஸ்டாட் 1 கையடக்க இரத்தப் பரிசோதனைக் கருவி: சிறிய தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஏற்றதா?

இரவில் ஆய்வக நுட்புநர் இல்லாத சிறிய மருத்துவமனைகளில், நோயாளியின் சோடியம், பொட்டாசியம் அளவுகளை அறிய இரத்தத்தை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு விடியும்வரை காத்திருப்பதுதான் நெடுநாள் வழக்கம். அந்தக் காத்திருப்பைத் தவிர்க்க உதவும் கருவிகளில் அபாட் நிறுவனத்தின் ஐ-ஸ்டாட் 1 பரவலாக அறியப்பட்டது. 1983இல் தொடங்கப்பட்ட ஐ-ஸ்டாட் நிறுவனத்தை அபாட் 2004இல் வாங்கியது. எங்கள் பிரிவில் இந்தக் கருவி புழக்கத்தில் இருப்பதால், வாங்கலாமா என்று கேட்கும் சக மருத்துவர்களுக்காக இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

கருவி ஒரு கையில் அடங்கிவிடும். உண்மையான பரிசோதனை நடப்பது அதனுள் செருகப்படும், ஒருமுறை மட்டுமே பயன்படும் கார்ட்ரிட்ஜில்தான். நாங்கள் வாங்குவது கெம் 8 பிளஸ் வகை. சோடியம், பொட்டாசியம், குளோரைடு, மொத்தக் கார்பன் டை ஆக்சைடு, அயனிக் கால்சியம், சர்க்கரை, யூரியா நைட்ரஜன், கிரியாட்டினின், ஹிமாட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) ஆகியவற்றை 95 மைக்ரோலிட்டர் இரத்தத்தில், அதாவது இரண்டு மூன்று சொட்டில், ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் அது தந்துவிடுகிறது. கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே உள்ள சிறு பையிலிருந்து அளவுத்திருத்தக் கரைசல் முதலில் உணரிகளின் மீது பாய்ந்து, அதன் பிறகே இரத்தம் அளக்கப்படுவதால், தனியாக அளவுத்திருத்தம் செய்யும் வேலை செவிலியருக்கு இல்லை. கார்ட்ரிட்ஜின் நடுப்பகுதியை அழுத்தக் கூடாது, தொடுபுள்ளிகளில் விரல் படக் கூடாது, குறித்த கோடு வரை மட்டுமே இரத்தம் நிரப்ப வேண்டும் என்ற மூன்றையும் கற்றுக்கொடுத்துவிட்டால் பிழைச் செய்திகள் வெகுவாகக் குறைகின்றன.

முதல் அளவை விரைவாகத் தருவதைவிட, அதே நோயாளியை மணிக்கணக்கில் தொடர்ந்து அளக்க முடிவதில்தான் இந்தக் கருவியின் உண்மையான பயன் இருக்கிறது என்பது என் கருத்து. டயாலிசிஸைத் தவறவிட்டு, பொட்டாசியம் மிகுந்து, ஈ.சி.ஜி.யில் டி அலைகள் கூர்ந்து நிமிர்ந்த நிலையில் ஒருவர் வரும்போது, இதயத்தைக் காக்கும் கால்சியம் குளுக்கோனேட் கொடுக்க எந்தக் கருவியின் அனுமதியும் தேவையில்லை. ஆனால் இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும் கொடுத்த பிறகு பொட்டாசியம் எவ்வளவு இறங்கியது, அதனுடன் சர்க்கரையும் அளவு மீறிக் குறைகிறதா என்பதை ஒரே கார்ட்ரிட்ஜில் பார்க்க முடிவது பெரிய வசதி. தயசைடு என்ற சிறுநீர்ப்பெருக்கி மாத்திரையால் சோடியம் மிகவும் குறைந்து குழப்பத்துடன் வரும் முதியவர்களிடம் இதன் மதிப்பு இன்னும் கூடுதல். 24 மணி நேரத்தில் லிட்டருக்கு 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் சோடியத்தை உயர்த்தினால் மூளைத்தண்டு பாதிக்கப்படும் அபாயம் உண்டு என்பதால், சில மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து 3 சதவீத உப்புக் கரைசலின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கிறது. வெளி ஆய்வகத்தை நம்பி இதைச் செய்ய முடியாது.

அப்படித் தொடர்ந்து அளக்கும்போது, இடையில் ஓர் அளவை ஆய்வகத்திலிருந்து வாங்கி அதே வரிசையில் சேர்த்துவிடக் கூடாது. பெரிய ஆய்வகக் கருவிகள் பல, சீரத்தை நீர்த்துப்போகச் செய்த பிறகே சோடியத்தை அளக்கின்றன. பிளாஸ்மாவில் 93 சதவீதம் நீர் என்ற கணக்கு அதற்குள் ஒளிந்திருக்கிறது. டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிகுந்தவர்களிடமும், இரத்தப் புரதம் மிகும் மயலோமா புற்றுநோயாளிகளிடமும் அந்தக் கணக்கு பிசகி, சோடியம் பொய்யாகக் குறைந்து தெரியும். ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் குறைந்தவர்களிடம் சற்றுக் கூடுதலாகத் தெரியும். நீர்க்காமல் நேரடியாக அளக்கும் ஐ-ஸ்டாட் இந்தப் பிழையிலிருந்து தப்பிவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் கையடக்கக் கருவி பெரிய கருவியை விஞ்சுகிறது என்றே சொல்வேன்.

குறைகளில் மிகப் பெரியது, சிவப்பணுக்கள் உடைந்திருப்பதை இதனால் கண்டுபிடிக்க முடியாது என்பது. ஆய்வகத்தில் சுழற்றிப் பிரித்த சீரம் சிவந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். முழு இரத்தத்தில் அது தெரிய வழியில்லை. மெல்லிய ஊசியில் வலிந்து உறிஞ்சிய இரத்தத்தில் பொட்டாசியம் 6.4 என்று திரையில் வந்து, ஈ.சி.ஜி. முற்றிலும் இயல்பாக இருந்து, மறு கையில் நிதானமாக எடுத்த இரத்தத்தில் 4.2 என்று வந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். டிரிப்ஸ் ஏறும் கையில் எடுத்த இரத்தமும் இதே போல் ஏமாற்றும். அது நார்மல் சலைன் என்றால், லிட்டருக்கு 154 மில்லிமோல் சோடியமும் அதே அளவு குளோரைடும் கொண்ட அந்தக் கரைசலின் சாயலே திரையில் தெரியும்.

டெங்கு காலத்தில் இந்தக் கருவியை வைத்து ஹிமாட்டோகிரிட்டைப் பின்தொடர்வதை நான் ஆதரிக்க மாட்டேன். இது ஹிமாட்டோகிரிட்டை மின்கடத்துதிறனைக் கொண்டு கணிக்கிறது. இரத்தப் புரதம் குறையக் குறைய அளவும் பொய்யாகக் குறைந்து காட்டும். பிளாஸ்மா கசிந்து புரதம் இறங்கும் நோயில், ஏறும் ஹிமாட்டோகிரிட்டைத்தான் நாம் தேடுகிறோம் என்பதால், பிழை விழக் கூடாத திசையிலேயே விழுகிறது. அங்கே இரத்த அணுக்களை எண்ணும் செல் கவுன்ட்டரே சரி. ஆனயான் இடைவெளியையும் (இரத்தத்தில் அளக்கப்படும் நேர், எதிர் அயனிகளின் வித்தியாசம்) கவனித்துப் படிக்க வேண்டும்: கருவி பொட்டாசியத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதால், 12 என்று நாம் மனப்பாடம் செய்த எல்லை இங்கே செல்லாது. மெக்னீசியம், பாஸ்பரஸ் இரண்டும் இதில் இல்லை. எவ்வளவு கொடுத்தும் பொட்டாசியம் ஏறாத நோயாளிக்கு மெக்னீசியம் பார்க்க ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

உடலில் நீர் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பதையும் இந்தத் திரை சொல்லாது. சோடியம் 125 என்பது, வயிற்றுப்போக்கில் வற்றிப்போனவரிடமும் கால் வீங்கிய இதய நோயாளியிடமும் ஒரே எண்ணாகத்தான் வரும். ஒருவருக்கு சலைன் தேவை, மற்றவருக்கு நீர்க் கட்டுப்பாடு தேவை. கழுத்துச் சிரையில் இரத்தம் நிற்கும் உயரம், நாக்கின் ஈரம், எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம், மணிக்குக் கிலோவுக்கு அரை மில்லிலிட்டராவது சிறுநீர் போகிறதா என்ற கணக்கு ஆகியவற்றுடன், காலையில் ஒரே தராசில் எடுத்த எடையும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கும். ஓரிரு நாளில் ஒரு கிலோ ஏறினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் சேர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். கருவி வந்த பிறகு உள்ளே போன, வெளியேறிய நீரைக் குறிக்கும் இன்டேக்-அவுட்புட் சார்ட்டை நிரப்புவதில் வார்டில் மெத்தனம் வந்துவிடுகிறது. தலைமைச் செவிலியர் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

வெப்பம் தனிப் பிரச்சினை. 16 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் மட்டுமே கருவி இயங்கும். சித்திரை வெயிலில் குளிர்சாதனம் இல்லாத வார்டில் அது வேலை செய்ய மறுத்துவிடும். கார்ட்ரிட்ஜுகளை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். கெம் 8 பிளஸை வெளியே எடுத்தால் 14 நாள் வரை வைத்திருக்கலாம், அதுவும் 30 டிகிரியைத் தாண்டாத அறையில். ஒரு கார்ட்ரிட்ஜ், ஆய்வகத்தில் ஒரு முறை எலக்ட்ரோலைட் பார்ப்பதைவிடப் பன்மடங்கு விலை. வெளிநோயாளிகளுக்கும் வழக்கமான காலைப் பரிசோதனைக்கும் இதைப் பயன்படுத்துவது நோயாளியின் பணத்தை வீணாக்குவதாகும். டயாலிசிஸ், சர்க்கரைக் கீட்டோ அமிலத்துவம், கடும் சோடியக் குறைவு ஆகியவற்றை அடிக்கடி பார்க்கும் பிரிவுகளுக்கு மட்டும் பரிந்துரைக்கிறேன்.

வாங்குவோர், கருவியின் விலையைப் பேரம் பேசுவதற்கு முன், கார்ட்ரிட்ஜ் பெட்டி குளிர்ச்சி குலையாமல் உங்கள் ஊர் வரை எப்படி வந்து சேரும் என்பதையும், வெப்பங்காட்டிப் பட்டை நிறம் மாறியிருந்தால் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதையும், காலாவதிக்கு எத்தனை மாதம் மீதமுள்ள சரக்கை அனுப்புவார்கள் என்பதையும் விநியோகஸ்தரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.