ஸ்டோரிவீவர்: குழந்தைகளுக்கான இலவசக் கதைப் புத்தகங்கள், ஒரு முழு மதிப்பீடு

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் குழந்தைக்கு நிறையத் தமிழ்ப் புத்தகம் வேண்டும், எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்க முடியாது என்றால் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய தளம் ஸ்டோரிவீவர். லாப நோக்கமில்லாத பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-ல் தொடங்கியது. இன்று 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் புத்தகங்கள் இருக்கின்றன, தமிழிலும் தாராளமாக. நல்ல தளம், தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தினால்தான் குழந்தைக்குப் பலன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பயன்படுத்துவது எளிது. மொழியைத் தமிழ் என்று வைத்து நிலையைத் தேர்ந்தெடுத்தால் அட்டைப்படங்கள் வரிசையாக வந்துவிடும். நான்கு நிலைகள். முதல் நிலையில் 250 சொற்களுக்குள் முடியும் கதைகள், இரண்டாவதில் 600 வரை, மூன்றாவதில் 1500 வரை, நான்காவது அதற்கும் மேல். முதல் நிலைப் புத்தகங்களில் பக்கத்துக்கு ஓரிரு வரிதான், மீதியெல்லாம் படம். அந்தப் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இலவசப் புத்தகம் என்றதும் ஏனோதானோவென்று வரைந்த படம்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரதம் புக்ஸே பதிப்பித்த கதைகளில் தேர்ந்த ஓவியர்களின் வேலை இருக்கிறது. இன்னும் ஒரு வரிகூடப் படிக்கத் தெரியாத குழந்தையும் படத்தைப் பார்த்தே கதையைச் சொல்லிவிடும். அதுவும் வாசிப்பின் முதல் படிதான். சில புத்தகங்களை ஒலியோடு கேட்கலாம், படிக்கப் படிக்கச் சொல் நிறம் மாறிக் காட்டும். கோப்பாகத் தரவிறக்கி அச்சடிக்கவும் முடியும். திரையை விட அச்சுத்தாள்தான் என் தேர்வு. குழந்தை விரலை வைத்துப் படிக்க வேண்டும், திரையில் விரல் வைத்தால் பக்கம் ஓடிவிடும்.

சரி, குறைகளுக்கு வருவோம். முதல் குறை இந்த நிலைகளிலேயே இருக்கிறது. சொல் எண்ணிக்கையை வைத்து நிலை பிரிப்பது ஆங்கிலத்துக்கு ஓரளவு பொருந்தும், தமிழுக்கு அப்படியே பொருந்தாது. நம் மொழியில் விகுதியும் வேற்றுமை உருபும் துணைவினையும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டு வரும். 'வந்துகொண்டிருந்தார்கள்' என்பது கணக்குக்கு ஒரு சொல்தான், ஆனால் படிக்கிற குழந்தைக்குப் பன்னிரண்டு எழுத்து, அதில் ஐந்து புள்ளி வைத்தவை. முதல் நிலை என்று போட்டிருக்கிறதே என்று நம்பித் திறந்து கொடுத்தால், 'மரம்', 'படம்', 'பட்டம்' என்ற அளவில் நிற்கும் குழந்தை இரண்டாம் பக்கத்திலேயே திணறும், அப்புறம் தனக்குப் படிக்க வராது என்று அதுவே முடிவு கட்டிவிடும். எனக்கு இதில்தான் பெரிய கவலை. 247 எழுத்தில் எவை தெரிந்தால் எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம் என்று தமிழுக்கென்று ஒரு வரிசை செய்தால் இந்தத் தளத்தின் பயன் பல மடங்காகும். அதற்கு மொழி தெரிந்தவர்கள், தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், நேரம், பணம் எல்லாம் வேண்டும்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு. கணக்குத் தொடங்கிய யாரும் ஒரு கதையை வேறு மொழிக்கு மாற்றலாம் என்பதுதான் தளத்தின் பலம், அதே காரணத்தால் தரமும் ஒரே சீராக இருக்க வழியில்லை. பதிப்பகத்தின் பெயரில் வந்த புத்தகத்துக்கும் தன்னார்வலர் மாற்றிய புத்தகத்துக்கும் வித்தியாசம் இருக்கும். பெரியவர்களுக்கு ஓர் ஒற்று விட்டுப்போனால் கண்ணில்கூடப் படாது. எழுத்துப் பழகும் குழந்தைக்கு அச்சில் இருப்பதுதான் சரி. அதனால் பதிப்பாளர் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திறப்பது நல்லது.

இனி இந்தத் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், உரிமம். கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் திறந்த உரிமத்தில் இருக்கின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டால் யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம், அச்சடித்துப் பள்ளிக்குக் கொடுக்கலாம், விற்கக்கூடச் செய்யலாம். படிக்கும்போது இது கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம், ஆனால் வாசிப்புக்காகப் பணம் ஒதுக்கும் அரசுகள் கவனிக்க வேண்டியது இதைத்தான். நார்வே அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான நோராட்டின் பணத்தில் 2018-ல் குளோபல் டிஜிட்டல் லைப்ரரி என்ற இணைய நூலகம் திறக்கப்பட்டபோது, ஸ்டோரிவீவர் கதைகள் அப்படியே அங்கே போக முடிந்ததும் இந்த உரிமத்தால்தான். அதே நார்வே பணத்தில், போரால் பள்ளியை இழந்த சிரியக் குழந்தைகள் அரபி படிக்கப் பழகுவதற்கான கைபேசி விளையாட்டை உருவாக்க ஒரு போட்டி நடத்தினார்கள். அதில் 2017-ல் வென்ற 'ஃபீட் த மான்ஸ்டர்' விளையாட்டின் நிரலும் திறந்ததுதான். அதை எடுத்து கியூரியஸ் லேர்னிங் என்ற அமைப்பு பல மொழிகளுக்கு மாற்றிவிட்டது. ஒரு மொழிக் குழந்தைகளுக்காகச் செலவழித்த பணம் இன்னொரு மொழிக் குழந்தைக்கும் போய்ச் சேர்கிறது, எவ்வளவு நல்ல விஷயம்!

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வாசிப்புத் திட்டங்களுக்கான அரசுப் பணத்துக்கு ஆயுள் குறைவு. அமெரிக்காவில் ரீடிங் இஸ் ஃபண்டமென்டல் 1966 முதல் ஏழைக் குழந்தைகளுக்குப் புத்தகம் கொடுத்துவந்த அமைப்பு, 2011-ல் மத்திய அரசு அதற்கு ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி டாலர் அளவில் கொடுத்துவந்த நிதியை நிறுத்திவிட்டது. பிரிட்டனில் கைக்குழந்தைகளுக்கே இலவசப் புத்தகப் பை கொடுக்கும் புக்ஸ்டார்ட் 1992-ல் பர்மிங்ஹாமில் தொடங்கியது. 2010 டிசம்பரில் இங்கிலாந்தில் அதன் பணம் மொத்தத்தையும் வெட்டுவதாக அறிவித்தார்கள், எழுத்தாளர்கள் கொதித்தெழுந்த பிறகுதான் சில நாளில் அரசு பின்வாங்கியது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் 2025-ல் மூடப்பட்டபோது பல நாடுகளின் தொடக்க வாசிப்புத் திட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்த பணம் நின்றது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுக் குழந்தைகளில் 70 சதவீதம் பேர் ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாதவர்கள் என்று உலக வங்கியும் யுனெஸ்கோ, யுனிசெஃப் போன்ற அமைப்புகளும் 2022-ல் மதிப்பிட்டிருந்தன. அந்த நிலையில்தான் இந்த வெட்டு. பணம் நிற்கும்போது, உரிமம் பூட்டிய புத்தகம் அச்சுத் தீர்ந்ததோடு முடிந்துபோகும். திறந்த உரிமத்தில் இருக்கும் புத்தகத்தை யாராவது எடுத்து மறுபடி அச்சடிக்கலாம்.

அதனால் குழந்தைகளுக்கான வாசிப்புப் புத்தகத்துக்கு வரிப்பணம் கொடுக்கும் எந்த அரசும் திறந்த உரிமத்தை ஒரு நிபந்தனையாகவே வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் நஷ்டமாகாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அவர்களுக்கு முதலிலேயே முழுச் சம்பளம் கொடுத்துவிட வேண்டும், பொதுப்பணம் இருப்பதே அதற்குத்தானே. சேவை என்று சொல்லி ஓவியரிடம் ஓசியில் வேலை வாங்குவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

அதே நேரம் எந்தத் தளமும் தானாக ஒரு குழந்தையைப் படிக்க வைத்துவிடாது. கென்யாவில் 2015-ல் தொடங்கிய துசோமே என்ற தொடக்க வாசிப்புத் திட்டத்தில் அமெரிக்க, பிரிட்டிஷ் உதவிப் பணத்தோடு குழந்தைக்கு ஒரு புத்தகம் என்று கொடுத்தார்கள், அது பாதிதான். கல்வி அதிகாரிகள் கையில் டேப்லெட்டோடு வகுப்புக்குள் போய் உட்கார்ந்து, பாடம் நடப்பதைப் பார்த்து, குழந்தைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, பிறகு ஆசிரியரிடம் எங்கே மாற்றலாம் என்று பேசினார்கள். ஆண்டுதோறும் செலவாகும் வேலை அது, நிதி வெட்டு வந்தால் முதலில் அடிபடுவதும் அதுதான். ஸ்டோரிவீவரால் அந்த இடத்தை நிரப்ப முடியாது, நிரப்பும் என்று நினைத்து ஆசிரியர் பயிற்சிக்கான பணத்தை யாரும் குறைத்துவிடக் கூடாது.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது தமிழுக்குப் பொருந்தாத நிலைப் பிரிப்புக்காக. அது சரியாகும் வரை நிலை எண்ணை நம்பாதீர்கள். புத்தகத்தை முதலில் நீங்கள் வாய்விட்டு ஒருமுறை படியுங்கள், ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று நீளச் சொல்லுக்கு மேல் இருந்தால் அதைப் பெரியவர் படித்துக்காட்டும் புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள், குழந்தை தானே படிக்க அதைவிடச் சின்னதாக ஒன்றைத் தேடி எடுங்கள். படித்து முடித்த புத்தகத்தையே மறுபடி கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். இரண்டாம் முறை வேகமும் கூடும், தைரியமும் வரும்.