ஃபாலோயரா, வியூஸா, விசாரிப்பா, விற்பனையா: சின்ன பிசினஸுக்கு எந்த டார்கெட் வைக்கலாம்?

எங்க அண்ணி திருநெல்வேலியில வீட்டுலயே பொடி பண்ணி விக்கிறாங்க, இட்லி பொடி, பருப்பு பொடி, கறிவேப்பிலை பொடின்னு. இன்ஸ்டால வீடியோ, வாட்ஸ்அப்ல ஆர்டர், கூரியர்ல பார்சல், அவ்வளவுதான் கடை. வருஷ ஆரம்பத்துல என்கிட்ட "தம்பி, இந்த வருஷம் எப்படியாவது 10,000 ஃபாலோயர் வந்துரணும்"னு சொன்னாங்க. ஏன் 10,000னு கேட்டேன், பதில் வரல. சேலை விக்கிற சொந்தக்காரப் பொண்ணு ஒருத்திக்கு அவ்வளவு இருக்காம், அதான் காரணம்.

அப்போ உக்காந்து ஒவ்வொரு டார்கெட்டா எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தோம். அதைத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா நிறைய பேர் அண்ணி மாதிரியேதான் ஆரம்பிக்கிறாங்க, அதுல நேரமும் காசும் வீணா போறத பாக்க எனக்குக் கஷ்டமா இருக்கு.

முதல்ல ஃபாலோயர். இதோட ஒரே நல்ல விஷயம், எண்ணுறது சுலபம், போனைத் திறந்தா நம்பர் மேலேயே நிக்கும். அந்த 10,000ங்கிற கணக்குக்கு ஒரு காலத்துல அர்த்தமும் இருந்துச்சு, இன்ஸ்டா ஸ்டோரில லிங்க் போடணும்னா வெரிஃபைட் அக்கவுண்டா இருக்கணும் இல்ல 10,000 ஃபாலோயர் வேணும்னு வச்சிருந்தாங்க. 2021 அக்டோபர்ல லிங்க் ஸ்டிக்கரை எல்லாருக்கும் திறந்து விட்டுட்டாங்க, அதோட அந்த எல்லைக்கோட்டுக்கு வேலை போச்சு, ஆனா நம்பர் மட்டும் எல்லார் மனசுலயும் அப்படியே தங்கிடுச்சு. இலவசமா தர்றோம், மூணு பேரை டேக் பண்ணுங்கன்னு போட்டி வச்சா ஃபாலோயர் கூடத்தான் செய்யும், ஆனா வர்றவங்க பரிசுக்கு வந்தவங்க, பொடி வாங்க வந்தவங்க இல்ல. இன்னொரு விஷயமும் இருக்கு, 2020 ஜூன் 29ஆம் தேதி இந்தியாவுல டிக்டாக்கைத் தடை பண்ணினப்போ லட்சக்கணக்குல ஃபாலோயர் வச்சிருந்தவங்களுக்கு அந்தக் கூட்டம் ஒரே ராத்திரில கைவிட்டுப் போச்சு. வாடிக்கையாளர் நம்பரைத் தனியா எழுதி வச்சிருந்தவங்க தொழில் மட்டும் எப்படியோ ஓடுச்சு.

அடுத்தது வியூஸும் ரீச்சும். ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்கிறாங்க, இல்ல. ரீச்னா எத்தனை பேர் பாத்தாங்க, வியூஸ்னா எத்தனை தடவை ஓடுச்சு, ஒரே ஆள் நாலு தடவை பாத்தா வியூஸ் நாலு, ரீச் ஒண்ணு. இப்போ 2024லேர்ந்து இன்ஸ்டா வியூஸைத்தான் முன்னாடி காட்டுது, அது பெரிய நம்பரா தெரியும், பாக்க சந்தோஷமா இருக்கும். அண்ணியோட பையன் பொடி காரத்துல கண்ணைக் கசக்குற வீடியோ ஒண்ணு நல்லா ஓடுச்சு, மத்த வீடியோவையெல்லாம் விட பல மடங்கு, ஆனா அந்த வாரம் அதுல இருந்து வந்த ஆர்டர் ரெண்டே ரெண்டு. யார் பாத்தாங்கன்னு இன்ஸ்டாவே கணக்கு காட்டுற இன்சைட்ஸ் பக்கத்துல ஊர் வாரியா பாத்தா பாதிக்கு மேல நாம பார்சலே அனுப்பாத ஊர்க்காரங்க. அதே சமயம் ஒரு ஊர்ல புதுசா பேக்கரியோ சலூனோ திறக்கிறவங்களுக்கு ரீச் நல்ல டார்கெட்தான், ஆனா "நம்ம ஊர்ல எத்தனை பேர்"னு வைக்கணும், மொத்தமா வைக்கக்கூடாது. கடை வச்சிருக்கவங்களுக்கு கூகுள் மேப்ல வழி கேட்டவங்க எத்தனை, போன் பண்ணவங்க எத்தனைன்னு காட்டுமே, அது இதைவிட உருப்படியான கணக்கு.

லைக் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. சேவும் ஷேரும் பரவாயில்ல, பொடி தோசை எப்படி ஊத்துறதுன்னு போட்டா சேவ் பண்ணி வைப்பாங்க, அக்கா தங்கச்சிக்கு அனுப்புவாங்க, ஷேர் முக்கியம்னு இன்ஸ்டா தலைவர் ஆடம் மொசேரியே பல தடவை சொல்லிருக்கார். கல்யாண போட்டோகிராஃபர், மெஹந்தி போடுறவங்க, பிளவுஸ் ஆரி வேலை பண்றவங்களுக்கு இது இன்னும் பொருந்தும், ஏன்னா இன்னிக்கு சேவ் பண்றவங்க ஆறு மாசம் கழிச்சு கல்யாணத்துக்குக் கேப்பாங்க.

நான் உறுதியா கைகாட்டுறது விசாரிப்பைத்தான். அதாவது புதுசா ஒருத்தர் "விலை என்ன, எங்க ஊருக்கு அனுப்புவீங்களா"னு கேக்குறது. இதை எண்ண மென்பொருள் எதுவும் வாங்க வேணாம், வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்லயே லேபிள் இருக்கு, புது கஸ்டமர், புது ஆர்டர், பணம் வரணும், பணம் வந்துடுச்சுன்னு ஒட்டிக்கிட்டே போகலாம். எந்த வீடியோ பாத்து வந்தாங்கன்னு தெரியணும்னா வீடியோலயே "கறிவேப்பிலைன்னு மெசேஜ் பண்ணுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிடணும், வாரக் கடைசில அந்த வார்த்தையைத் தேடினா எத்தனை பேர்னு வந்துடும்.

அப்போ நேரடியா விற்பனையையே டார்கெட்டா வச்சா என்னன்னு அண்ணன் கேட்டாரு, நியாயமான கேள்வி. விற்பனைதான் கடைசில வேணும், ஆனா அது குறைஞ்சா ஏன் குறைஞ்சுதுன்னு அது சொல்லாது. வீடியோ சரியில்லையா, கூரியர் சார்ஜ் அதிகமா, பதில் லேட்டா, ஆடி மாசமா? அதனால விற்பனையில ஆரம்பிச்சு பின்னாடி நடந்து வரணும். மாசம் 60,000 ரூபாய்க்கு விக்கணும், ஒரு ஆர்டர் சராசரி 400 ரூபாய்னு வச்சுக்குங்க, அப்போ 150 ஆர்டர். அதுல 90 பழைய ஆளுங்க திரும்ப வாங்குறதுன்னா புது ஆர்டர் 60 வேணும். பத்து பேர் கேட்டா மூணு பேர் வாங்குறாங்கன்னா 200 புது விசாரிப்பு, வாரத்துக்கு சுமார் 50. இந்த 50 இருக்கே, இதுதான் சோஷியல் மீடியா டார்கெட், இதைத்தான் வீடியோ போட்டு நம்மால கொஞ்சம் அசைக்க முடியும்.

இந்தக் கணக்கு போட்டப்போதான் இன்னொண்ணு தெரிஞ்சுது. ராத்திரி ஒன்பது பத்து மணிக்கு விலை கேட்டவங்களுக்கு மறுநாள் மதியம்தான் பதில் போயிருக்கு, அண்ணி சமையல் முடிச்சு, பையனை ஸ்கூலுக்கு அனுப்பி, பொடி வறுத்து முடிச்சுதான் போனையே எடுக்குறாங்க. அதுக்குள்ள கேட்டவங்க வேற இடத்துல வாங்கிட்டாங்க. எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாயிடுச்சு, இவங்க ஃபாலோயர் பத்தலன்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க, வாசல்ல வந்து நின்னவங்களுக்கு பதில் சொல்ல ஆள் இல்லாம இருந்துருக்கு. 1981ல ஜார்ஜ் டோரன்னு ஒருத்தர், நல்ல டார்கெட் எப்படி இருக்கணும்னு SMARTங்கிற வார்த்தையோட ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விதி வச்சு எழுதினாரு, அதுல Aங்கிற எழுத்துக்கு அவர் முதல்ல வச்ச அர்த்தம் "இது யார் பொறுப்பு"ங்கிறதுதான், பின்னாடி "எட்டக்கூடியது"ன்னு மாத்திட்டாங்க. வீட்டுத் தொழிலுக்கு அந்தப் பழைய அர்த்தம்தான் தேவை. இப்போ ராத்திரி எட்டுலேர்ந்து பத்து வரைக்கும் போன் அண்ணன் கையில. கமெண்ட்ல விலை கேட்டா "டிஎம் பண்ணுங்க"ன்னு போடுற பழக்கத்தையும் நிறுத்தி விலையை அங்கேயே போட்டுட்டோம்.

திரும்ப வாங்குறவங்க கணக்கையும் விட்டுடாதீங்க, சாப்பாட்டுப் பொருளுக்கு அதான் உயிர். போன மாசம் வாங்கினவங்கள்ல எத்தனை பேர் இந்த மாசம் வந்தாங்கன்னு நோட்டுல பேர் டிக் அடிச்சாலே போதும். வாட்ஸ்அப்ல ஒரே மெசேஜைப் பல பேருக்குத் தனித்தனியா அனுப்புற ப்ராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு நினைவுபடுத்தலாம், ஆனா ஒரு லிஸ்ட்ல 256 பேர்தான், அதுலயும் உங்க நம்பரை சேவ் பண்ணவங்களுக்குத்தான் போகும், அதனால பார்சலுக்குள்ள "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க"ன்னு ஒரு சின்ன சீட்டு வைக்கணும். கல்யாண போட்டோகிராஃபருக்கு இந்த டார்கெட் வேலைக்கு ஆகாது, அவருக்குப் பழைய கஸ்டமர் எத்தனை பேரை அனுப்பி வச்சாங்கங்கிறதுதான் கணக்கு.

அண்ணி இப்போ தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம் அன்னிக்கு வந்த விசாரிப்பு எத்தனை, ஆர்டர் எத்தனைன்னு ரெண்டே நம்பர் எழுதி கிளிப்ல மாட்டி வைக்கிறாங்க. நேத்து போன் பண்ணினாங்க, "தம்பி, இந்த வாரம் 43 தான், ஏழு குறையுது, ஞாயித்துக்கிழமை பருப்பு வறுக்கிறதை வீடியோ எடுக்கலாம்னு இருக்கேன், நீ வாரியா?"