குறைந்த செலவில் முதல் ரெக்கோட் செட்: திருகோணமலை வீட்டுக்கு எது தோது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அலுமாரியில் அப்பா காலத்து ஈபி (7 அங்குலச் சிறு தட்டு), எல்பி (12 அங்குலப் பெரிய தட்டு) கொஞ்சம் கிடக்கின்றன, அவற்றைத் திரும்பப் போட்டுக் கேட்க வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது என்பவருக்கு ஓடியோ டெக்னிக்கா எல்பி60எக்ஸ் டேர்ன்டேபிளும் எடிஃபையர் ஆர்1280டி (R1280T) ஸ்பீக்கர் சோடியும் போதும். இரண்டையும் புதிதாகவே வாங்குங்கள். விலக்கு ஒன்று உண்டு: உங்களிடம் இருப்பவை நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய தட்டுகள் என்றால் எல்பி60எக்ஸ் உதவாது. அதைப் பின்னால் பார்ப்போம்.

விலையை ரூபாயில் எழுதினால், டொலர் ஏறி இறங்க அடுத்த மாதமே பிழைத்துவிடும். ஆகவே பங்காகப் பிரியுங்கள். கையில் உள்ள காசில் பத்தில் ஒரு பங்கை முதலில் எடுத்து வையுங்கள். அது மாற்று ஊசி, பிரஷ், புது உள்ளுறைகளுக்கு. மிச்சத்தை டேர்ன்டேபிளுக்கும் ஸ்பீக்கருக்கும் கிட்டத்தட்டச் சரிபாதியாகப் போடலாம். ஸ்பீக்கரில் முக்கால்வாசியைக் கொட்டிவிட்டு டேர்ன்டேபிளில் மிச்சம் பிடிக்கப் போகாதீர்கள். ஸ்பீக்கர் மட்டமாக இருந்தால் பாட்டு நன்றாகக் கேட்காது, அவ்வளவுதான், பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஊசி மட்டமாக இருந்தால் தட்டே போய்விடும். 1970களில் வந்த ஒரு தமிழ்ப் பட ஈபியைத் திரும்பத் தேடி வாங்குவது லேசான காரியம் இல்லை.

இதனால்தான் சூட்கேஸ் வடிவில் வரும் மலிவுப் பிளேயர்களை வேண்டாம் என்கிறோம். பார்க்க வடிவுதான், தூக்கிக்கொண்டு போகவும் வசதிதான். ஆனால் காட்ரிஜ், அதாவது ஊசி மாட்டியிருக்கும், அதன் அதிர்வை மின்சாரமாக்கும் சிறு பெட்டி, அவற்றில் பெரும்பாலும் செராமிக் வகை. அது தட்டின் மேல் 5, 6 கிராம் வரை அழுத்தும். எல்பி60எக்ஸின் ஊசி அழுத்துவது ஏறத்தாழ 3 கிராம். இன்னும் நல்ல ஊசி 2 கிராமோடு நின்றுவிடும். சூட்கேஸ் பிளேயரில் அழுத்தத்தைக் குறைக்க, ஊசியைத் தாங்கும் கையின் பின்முனையில் எடைக் குண்டு கிடையாது. ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள் இருப்பதால் பேஸ் அடிக்கும்போது ஊசியே சேர்ந்து அதிரும். தட்டு சற்று வளைந்திருந்தால் ஊசி பாயும். பாய்ச்சலை நிறுத்த அந்தக் கையின் மேல் நாணயம் வைப்பார்கள். பாய்ச்சல் நிற்கும், பாட்டுப் பதிந்த பள்ளத்தின் சுவர் இன்னும் வேகமாகத் தேயும்.

எல்பி60எக்ஸ் பெட்டியைத் திறந்ததும் கையைக் கட்டியிருக்கும் திரியை அவிழ்த்துவிட்டு பெல்ட்டைக் கவனியுங்கள். சுழலும் வட்டின் அடிப்பக்க வளையத்தில் பெல்ட் சுற்றியபடி வரும், அதில் ஒரு சிவப்பு ரிப்பன் இருக்கும். வட்டை நடு முள்ளில் இறக்கி, அதன் மேலுள்ள ஓட்டை ஒன்று மோட்டாரின் பித்தளைக் கப்பிக்கு நேரே வரும்படி திருப்புங்கள். ஓட்டை வழியாக ரிப்பனைப் பிடித்து பெல்ட்டை இழுத்துக் கப்பியில் மாட்டி, ரிப்பனை உருவி எடுங்கள். கரண்ட் போடுமுன் வட்டைக் கையால் வலஞ்சுழியாகச் சில தரம் சுற்றிவிட வேண்டும். பெல்ட்டில் முறுக்கு இருந்தால் அப்போதே நிமிர்ந்துவிடும். முறுக்கோடு ஓடவிட்டால் நீண்ட சுரங்கள் எல்லாம் அலையும். மெஷின் பழுது என்று திருப்பிக் கொடுக்கத் தோன்றும்.

வேகத்துக்கு ஒரு சுவிட்ச், தட்டின் அளவுக்கு ஒரு சுவிட்ச், இரண்டையும் பார்க்க வேண்டும். 7 அங்குல ஈபியைப் போட்டுவிட்டு அளவை 12இல் விட்டால் ஊசி தட்டுக்கு வெளியே ஃபெல்ட் விரிப்பில் இறங்கும். அடுத்தது பின்பக்கத்தில் உள்ள ஃபோனோ, லைன் சுவிட்ச். தட்டு வெட்டும்போது பேஸைக் குறைத்தும் கூர்மையான ஒலியைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். ரெக்கோட் தொழில் சங்கம் வகுத்து, 1954 முதல் நடைமுறைக்கு வந்த ஆர்ஐஏஏ வளைவு என்ற பொது அளவு இது. கேட்கும்போது அதை நேர்மாறாகத் திருப்பவும், ஊசி தரும் சில மில்லிவோல்ட்டை ஸ்பீக்கருக்கு ஏற்ற அளவுக்கு ஏற்றவும் ஃபோனோ பிரீஅம்ப் தேவை. எல்பி60எக்ஸில் அது உள்ளேயே இருக்கிறது. எடிஃபையரோடு நேரே இணைக்கும்போது சுவிட்ச் லைனில் இருக்க வேண்டும். ஃபோனோவில் விட்டால் ஒலி மெல்லிசாக, பேஸே இல்லாமல், தகரச் சத்தமாக வரும். வீட்டில் உள்ள பழைய அம்ப்ளிஃபயரில் ஃபோனோ என்று எழுதிய குழியில் சொருகுகிறீர்கள் என்றால் மட்டும் சுவிட்சை ஃபோனோவுக்கு மாற்றுங்கள். அங்கே லைனில் விட்டால் சத்தம் கரகரத்து வெடிக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஊசியை மாற்றலாம், காட்ரிஜை மாற்ற முடியாது. அழுத்தத்தைச் சரிசெய்ய வழியில்லை. ஊசி முனை உருண்டை வடிவம் என்பதால் எல்பியின் கடைசிப் பாட்டில், தட்டின் நடுப்பகுதியை நெருங்கும்போது, ‘ச’வும் ‘ஸ’வும் சீறும். இது பழுதல்ல, உள் வட்டங்களில் பள்ளம் நெருக்கமாக வளைகிறது, உருண்டை முனையால் அதற்குள் முழுதாக இறங்க முடிவதில்லை. இதற்கெல்லாம் ஈடாகக் கிடைப்பது தானியக்கம். பொத்தானை அழுத்தினால் கை தானே போய் இறங்கும், முடிந்ததும் எழும்பித் திரும்பும். பாட்டுக் கேட்டபடியே கண்ணயர்ந்து போகும் வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது பெரிய காரியம். பாதியில் கரண்ட் போனால் நெம்பியால் கையைத் தூக்கிவிடுங்கள். கை தானாக அசைந்துகொண்டிருந்த நேரத்தில் கரண்ட் போயிருந்தால் கையால் இழுக்காதீர்கள், பல்சக்கரம் உடையும். கரண்ட் வரும் வரை விட்டுவிடுங்கள்.

எடிஃபையர் ஆர்1280டி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அம்ப் உள்ளேயே இருக்கிறது, 42 வாட், 4 அங்குல பேஸ் ஸ்பீக்கர், இரண்டு ஆர்சிஏ (சிவப்பு, வெள்ளைப் பிளக் சொருகும்) உள்ளீடு. சாதாரண வரவேற்பறைக்குத் தாராளம். பேச்சுக்குரலும் பாட்டுக்குரலும் தெளிவு; தவில் அடியின் அடித்தளம் மட்டும் சற்று மெலிவு. வாங்கும்போது பின்பக்க ஒட்டியில் 220–240 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கரையும் டேர்ன்டேபிளையும் ஒரே மேசையில் வைக்க வேண்டாம். சத்தத்தைக் கூட்டியதும் ஊம் என்ற ஊளை எழுந்தால் காரணம் அதுதான்: ஸ்பீக்கரின் அதிர்வு மேசை வழியாக ஊசிக்குப் போய், ஊசி அதையே திரும்ப ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. சீமெந்துத் தரையில் நிற்கும் கனமான மேசை நல்லது. பலகைத் தளம் போட்ட மேல்மாடி என்றால் சுவரில் அடித்த ஷெல்ஃபே நல்லது. நீர்மட்டம் வைத்து இரு பக்கமும் சரிபாருங்கள்.

இனி, பாவித்த ஜப்பான் மெஷின். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கனமான உடல், நல்ல வேலைப்பாடு, விலையும் குறைவு. ஆசை வருவது நியாயம். ஆனால் ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேரே சொருகினால் மோட்டாரோ டிரான்ஸ்போமரோ எரிந்துவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர் போட்டால் வோல்ட் சரியாகும், ஹேர்ட்ஸ் (மின்சாரம் நொடிக்கு எத்தனை தரம் அலைகிறது என்பது) சரியாகாது. கிழக்கு ஜப்பானில் 50, மேற்கு ஜப்பானில் 60. நமக்கு 50. பழைய பெல்ட் டிரைவ் மெஷின் பலவற்றில் இருக்கும் ஏசி சிங்க்ரனஸ் மோட்டார், மின்சாரத்தின் ஹேர்ட்ஸைப் பார்த்தே தன் வேகத்தை வைத்துக்கொள்ளும். 60 ஹேர்ட்ஸுக்குக் கப்பி வைத்த மெஷினை இங்கே ஓட்டினால் 33⅓ சுற்று 27.8 ஆகக் குறையும். சுருதி ஏறத்தாழ ஒன்றரைக் கட்டை இறங்கும். பெண் குரல் தடித்து, வேறு யாரோ பாடுவது மாதிரி இருக்கும். அமெரிக்காவில் இருந்து உறவினர் கொண்டுவந்து தரும் 120 வோல்ட் மெஷினுக்கும் இதே கதைதான்.

கடைக்காரர் என்ன சொன்னாலும் இதைச் செய்து பாருங்கள். வட்டின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி, ஒரு தட்டைப் போட்டு ஊசியை இறக்கிவிட்டு, கைபேசியில் 3 நிமிடம் வைத்துச் சுற்றுகளை எண்ணுங்கள். 33⅓ சரியாக இருந்தால் 100 சுற்று வரும். 83 வந்தால் 60 ஹேர்ட்ஸ் மெஷின். 97, 98 என்று வந்தால் பெல்ட் தளர்ந்திருக்கலாம் அல்லது எண்ணெய் காய்ந்திருக்கலாம், அது திருத்தக்கூடியது. ஸ்ட்ரோப் தாள் (வட்டின் மேல் வைத்து வேகம் பார்க்கும் கோடு போட்ட தாள்; வேகம் சரியென்றால் விளக்கொளியில் கோடுகள் நிற்பது போல் தெரியும்) வைத்திருப்பவர்கள் 50 ஹேர்ட்ஸுக்கான 180 கோட்டு வளையத்தைப் பார்க்க வேண்டும், 216 கோட்டு வளையத்தை அல்ல. எல்ஈடி விளக்குகள் பலவற்றின் ஒளியில் கோடு நிற்காது. பழைய இழைக் குமிழ் வேண்டும்.

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 போன்ற குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ் (பெல்ட் இல்லாமல் மோட்டாரே வட்டைச் சுழற்றும், குவார்ட்ஸ் படிகம் வேகத்தைக் காக்கும்) மெஷின்களுக்கு ஹேர்ட்ஸ் பிரச்சினை இல்லை, வோல்ட்டைச் சரிசெய்தால் போதும். டேர்ன்டேபிள் இழுக்கும் மின்சாரம் சொற்பம். 50 வாட் டிரான்ஸ்போமர் தாங்கும். அதைக் காட்ரிஜுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், இரைச்சல் ஏறும். பழைய ஸ்பீக்கர் வாங்குவதானால் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பை விரல் நுனியால் மெல்ல அழுத்துங்கள். ரப்பர் விளிம்பு தாங்கும். ஃபோம் விளிம்பு நம் ஈரக்காற்றில் உதிரும்.

78 சுற்றுத் தட்டுள்ளவர்களுக்கு அதே ஓடியோ டெக்னிக்காவின் எல்பி120எக்ஸ். 33, 45, 78 மூன்றும் ஓடும், டைரக்ட் டிரைவ், விஎம்95இ காட்ரிஜோடு வருகிறது. ஆனால் அந்த ஊசியை 78இல் வைக்கக் கூடாது. 78இன் பள்ளம் அகலம், அதற்கு 3 மில் (அங்குலத்தின் ஆயிரத்தில் 3 பங்கு) முனையுள்ள விஎம்95எஸ்பி ஊசியைத் தனியாக வாங்கி அதே காட்ரிஜில் மாட்ட வேண்டும். அதன் அழுத்தமும் வேறு, தாளில் உள்ளபடி வையுங்கள். எல்பிக்கு விஎம்95இ 2.0 கிராம். முதலில் ஊசி மூடியைக் கழற்றி, ஆன்டி ஸ்கேட்டை (கை நடுப்பக்கம் இழுபடுவதைத் தடுக்கும் திருகு) 0இல் வைத்து, கை காற்றில் மட்டமாக மிதக்கும் வரை குண்டைத் திருகுங்கள். குண்டு அசையாமல், எண் வளையத்தை மட்டும் 0க்குக் கொண்டுவாருங்கள். பிறகு குண்டையும் வளையத்தையும் சேர்த்து 2 வரை திருகி, ஆன்டி ஸ்கேட்டையும் 2இல் வையுங்கள். இதில் தானியக்கம் இல்லை. பாட்டு முடிந்தால் எழுந்து போய் ஊசியைத் தூக்க வேண்டும்.

திருகோணமலையில் டச்சுக்குடாப் பக்கமோ உப்புவெளியோ உவர்மலையோ, உப்புக்காற்று வராத வீடு குறைவு. ஆர்சிஏ முனைகளில் பச்சை பூத்து ஒரு பக்க ஒலி விட்டுவிட்டு வருவது இங்கே சாதாரணம். சில மாதத்துக்கு ஒருமுறை பிளக்குகளைக் கழற்றி, ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்து மாட்டுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெக்கையும் தூசியும். மூடியை மூடியே வையுங்கள், யன்னல் வெயில் படும் இடத்தில் தட்டை வைக்கவே வேண்டாம், வளைந்துவிடும். மாரி தொடங்கினால் பூஞ்சணம். பூத்த உள்ளுறையை எறிந்துவிட்டுத் தட்டைக் கழுவ வேண்டும்.

வினைல் தட்டுக்கான கலவை: வடித்த நீர் 1 லீற்றர், ஐசோபுரோபைல் அல்ககோல் 100 மில்லிலீற்றர், பாத்திரம் கழுவும் திரவம் 2 துளி. பள்ளத்தின் போக்கிலேயே மென்மையான துணியால் துடைத்து, வெறும் வடித்த நீரால் அலசி, நிழலில் நிறுத்தி உலர விடுங்கள். நடு லேபிளில் நீர் படக் கூடாது. கிணற்று நீர் வேண்டாம். காய்ந்ததும் அதன் உப்பு பள்ளத்தில் படியும். பார்மசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் வேண்டாம், அதில் எண்ணெய் சேர்ந்திருக்கும். பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீர் வாங்கினால் போத்தலில் அசிட் என்று இல்லையா என இரண்டு தரம் வாசியுங்கள். 78 தட்டுகள் ஷெலாக்கில் செய்தவை, அல்ககோல் அவற்றைக் கரைத்துவிடும். அவற்றுக்கு நீரும் ஒரு துளி திரவமும் மட்டும்.

விஎம்95இ ஊசிக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் 300 மணி, அதாவது ஏறத்தாழ 900 எல்பிப் பக்கம். இரவுக்கு இரண்டு பக்கம் கேட்டால் ஒரு வருடத்துக்கு மேல் வரும். அழுக்குத் தட்டுப் போட்டால் அதற்கு முன்பே தேயும்.

கொழும்பில் வாங்கி ஏ6 வீதியால் பஸ்ஸிலோ கூரியரிலோ எடுப்பதானால், எல்பி120எக்ஸின் குண்டையும் வட்டையும் கழற்றித் தனித்தனியாகச் சுற்றச் சொல்லுங்கள்; கையைத் தாங்கியோடு கட்டி, ஊசி மூடியைப் போட்டிருக்க வேண்டும். வட்டு முள்ளிலேயே இருந்து வந்தால் வழியில் குதித்துக் குதித்து அச்சைக் கெடுக்கும். பழைய வீடுகளில் இன்னும் 5 அம்பியர் உருண்டை முள் பிளக்பொயின்ட்தான், புது அடப்டர்களோ 13 அம்பியர் சதுர முள்ளிலும் வரலாம். மாற்றுப் பிளக் ஒன்றையும் கூடவே வாங்கிவிடுங்கள். சாமான் வந்ததும் பெட்டி பிரிப்பதைக் கைபேசியில் படம் பிடித்தபடியே பிரித்து, அன்றைக்கே 100 சுற்று எண்ணி, இரு பக்க ஸ்பீக்கரும் சரியாக வருகிறதா என்று கேட்டுவிடுங்கள். மாற்றித்தரக் கடை கொடுக்கும் நாட்கள் நீங்கள் பெட்டியைத் திறக்கும் நாளில் இருந்து அல்ல, பெரும்பாலும் பற்றுச்சீட்டுத் திகதியில் இருந்துதான் எண்ணப்படும்.