பென்டிரைவும் இல்லை, டிவிடியும் இல்லை: இயங்குதளம் ஏற்ற எந்த வழி?

டிவிடி டிரைவ் சுழல்கிறது, ஆனால் தட்டைப் படிக்கவில்லை. பென்டிரைவைச் செருகினால், கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸின் பூட் பட்டியலில் அது தலைகாட்டவே இல்லை. இப்படி ஒரு கணினி கைக்கு வந்தால் பலரும் "இது தேறாது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுக்கப்பட்டவற்றில் பல நன்றாக ஓடக்கூடியவை என்பதுதான் எனக்கு வருத்தம். ரேமும் ஹார்டு டிஸ்க்கும் சரியாக இருந்தால் புதிய இயங்குதளம் ஏற்ற மூன்று நல்ல வழிகள் உண்டு. டிஸ்க்கில் இருக்கும் பழைய சிஸ்டத்தையே ஏணியாக்குவது ஒன்று. நெட்வொர்க் கேபிள் வழியே பூட் செய்வது இன்னொன்று. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி நிறுவுவது மூன்றாவது. மூன்றையும் பலமுறை செய்திருக்கிறேன். எது எப்போது கைகொடுக்கும், எது எங்கே காலை வாரும் என்று சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். டிவிடியோ பென்டிரைவோ சுமந்து வரும் வண்டி, அவ்வளவுதான். லினக்ஸ் நிறுவி என்பது அடிப்படையில் இரண்டே கோப்புகள். ஒன்று இயங்குதளத்தின் மையமான கர்னல், மற்றது இனிட்ஆர்டி எனப்படும் சுருக்கி வைத்த சிறு கோப்புமுறை. இரண்டும் ரேமில் ஏறிவிட்டால், எந்த வண்டியில் வந்தன என்பது பற்றி நிறுவிக்குக் கவலையே இல்லை. மேலே சொன்ன மூன்று வழிகளில் முதல் இரண்டும் இந்தக் கோப்புகளை ரேமில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைதான்.

வழிகளை நான் அளப்பது ஒரே கேள்வியால்: பாதியில் ஏதாவது தவறினால் பழைய நிலைக்காவது திரும்ப முடியுமா? பூட் ஊடகம் உள்ள கணினியில் தவறு செய்தால் மறுபடி பென்டிரைவைச் செருகிக்கொள்ளலாம். இங்கே அந்த வாய்ப்பு கிடையாது. ஆகவே வேகமும் வசதியும் இரண்டாம்பட்சம்.

பழைய சிஸ்டம் இன்னும் எழுகிறதா?

எழுகிறது, அதுவும் லினக்ஸ் என்றால், வேறு எங்கும் போக வேண்டாம். இயங்குதளத்தை ஏற்றிவிடும் நிரலான கிரப் 2 பூட்லோடருக்கு, ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் தட்டின் முழு நகல்) பிரிக்காமலே அதற்குள் நுழைந்து கர்னலை எடுக்கத் தெரியும். ஐஎஸ்ஓவை டிஸ்க்கில் ஒரு மூலையில் வைத்து, கிரப் மெனுவில் நான்கைந்து வரிகள் சேர்த்தால் போதும். உபுண்டு, ஃபெடோரா என்ற லினக்ஸ் வகைகள் இரண்டிலும் கர்னலுக்கு 'ஐசோ-ஸ்கேன்' என்ற அளவுருவைக் கொடுத்தால், அது எழுந்த பிறகு தன் ஐஎஸ்ஓவைத் தானே தேடிக்கொள்ளும்.

பார்க்க அழகான வழி. ஆனால் நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிக்கொம்பை வெட்டுகிற வேலை இதில்தான் ஒளிந்திருக்கிறது. நிறுவி எந்த ஐஎஸ்ஓவிலிருந்து ஓடுகிறதோ, அது நீங்கள் அழிக்க நினைக்கும் அதே டிஸ்க்கில் இருக்கிறது. அந்தப் பார்ட்டிஷனை (டிஸ்க்கின் அந்தப் பங்கை) பயன்பாட்டிலிருந்து விடுவிக்க முடியாது. டிஸ்க் முழுவதையும் மறுபங்கீடு செய்யப் போனால் நிறுவி தடுக்கும். முழு ஐஎஸ்ஓவையும் ரேமுக்கு ஏற்றிவிட்டு வேலை செய்ய உபுண்டுவில் 'டு-ரேம்' என்றொரு அளவுரு உண்டு. ஆனால் இன்றைய உபுண்டு டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ 5 ஜிபிக்கு மேல். 2 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியில் அதை யோசிக்கவே வேண்டாம்.

இதே ஏணியில் நான் எப்போதும் தேர்ந்தெடுப்பது டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 'நெட்பூட்' கோப்புகளை. கர்னலும் இனிட்ஆர்டியும் சேர்த்து 100 எம்பிக்குள் அடங்கிவிடும். அவற்றை பூட் அடைவில் போட்டு, கிரப் மெனுவில் ஒரு வரி சேர்த்து, மறுதொடக்கம் செய்தால் நிறுவி முழுக்க ரேமிலேயே ஓடும். மீதி மென்பொருள் பொதிகளை இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். டிஸ்க்கை அது தொட்டுக்கொண்டே இருப்பதில்லை என்பதால் முழுதாக அழித்துப் பங்கிடலாம். கேபிள் இணையம் இருந்தால் இதற்கு நிகரான வழி கிடையாது. வைஃபை மட்டும்தான் என்றால் அந்தக் கார்டுக்கான ஃபர்ம்வேர் (சாதனத்தின் உள்மென்பொருள்) இல்லாமல் பாதியில் நிற்க நேரலாம். ஆகவே பார்ட்டிஷன் திரை வரும் முன்பே இணையம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பவர் பொத்தானை அழுத்தி அணைத்துவிடலாம். பழைய சிஸ்டம் அப்படியே இருக்கும். அந்தத் திரையில் மாற்றங்களை எழுத ஒப்புதல் கொடுக்கும் நொடிதான் ஏணி விழும் நொடி.

32-பிட் கணினி வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 32-பிட் நிறுவி கிடையாது. டெபியன் 12-இன் கோப்புகளைத்தான் எடுக்க வேண்டும்.

நிறுவியே வேண்டாம் என்பவர்களுக்கு 'டெபூட்ஸ்ட்ராப்' இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸிலிருந்தே வேறொரு பார்ட்டிஷனில் புது டெபியனைக் கட்டி எழுப்பிவிடலாம். காலிப் பார்ட்டிஷன் இல்லையா? ஸ்வாப்பை (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் பகுதி) நிறுத்திவிட்டு அந்த இடத்தைப் பயன்படுத்துங்கள். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். புதியது சரியாக எழுந்த பிறகு பழையதை அழிக்கலாம். என் அளவுகோலில் முதல் மதிப்பெண் இதற்குத்தான், ஆனால் கை நிறைய வேலை வைக்கும்.

கேபிள் வழியே: பிக்ஸி

டிஸ்க்கில் எதுவுமே எழவில்லை, அல்லது டிஸ்க்கே புதியது என்றால் பிக்ஸி எனப்படும் நெட்வொர்க் பூட்தான் என் முதல் தேர்வு. இன்டெல் வெளியிட்ட இதன் 2.1 பதிப்பு 1999-ஐச் சேர்ந்தது. யுஎஸ்பியிலிருந்து பூட் ஆகும் வசதி பரவலானது அதற்குப் பிறகுதான். அதனால் பென்டிரைவைக் கண்டுகொள்ளாத பழைய கணினிகள் பலவற்றில் நெட்வொர்க் பூட் இருக்கும். பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். தேடிப் பார்க்காமல் "இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள்.

இது இயங்கும் விதம் எளிது. கணினி டிஎச்சிபி வழியே "எனக்கு முகவரி கொடு" என்று கேட்கும். முகவரியோடு சேர்த்து "இந்தச் சர்வரில் இந்தக் கோப்பை எடுத்துக்கொள்" என்ற பதிலும் வர வேண்டும். பிறகு டிஎஃப்டிபி வழியே அந்தக் கோப்பு இறங்கும். இன்னொரு கணினியில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற ஒரே நிரலை ஓட்டினால் இரண்டு வேலையையும் பார்த்துக்கொள்ளும்.

பலர் இடறுவது ரௌட்டரில். ரௌட்டர் ஏற்கெனவே டிஎச்சிபி முகவரி கொடுத்துக்கொண்டிருக்க, டிஎன்எஸ்மாஸ்க்கும் போட்டிக்குக் கொடுக்க ஆரம்பித்தால் மொத்த நெட்வொர்க்கும் குழம்பும். அதற்கு 'ப்ராக்ஸி' முறை இருக்கிறது. முகவரியை ரௌட்டரே கொடுக்கும், பூட் தகவலை மட்டும் டிஎன்எஸ்மாஸ்க் சேர்த்துக் கொடுக்கும்.

கறுப்புத் திரையில் வரும் பிழை எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவை எங்கே சிக்கல் என்று நேரே சொல்கின்றன. ஈ61 என்றால் கேபிளில் இணைப்பே இல்லை. துளையின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். ஈ51 என்றால் கேபிள் சரி, ஆனால் டிஎச்சிபி பதில் யாரிடமிருந்தும் வரவில்லை. ஈ53 என்றால் முகவரி கிடைத்துவிட்டது, கோப்பின் பெயர் கிடைக்கவில்லை. ஈ32 என்றால் பெயர் கிடைத்தும் டிஎஃப்டிபி சர்வர் பதில் சொல்லவில்லை, பெரும்பாலும் ஃபயர்வால் தடுத்திருக்கும். முதல்முறை நான் செய்தபோது ஈ51-இல் ஆரம்பித்து, ஈ53, ஈ32 என்று எண் மாற மாற ஒவ்வொரு படியாக முன்னேறுகிறோம் என்று தெரிந்தது. கடைசியில் நீலத்திரையில் டெபியன் மெனு வந்த நொடியின் மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

வேகம் குறைவுதான். 1992-இன் தரப்படி டிஎஃப்டிபி 512 பைட் துண்டாக அனுப்பி, ஒவ்வொரு துண்டுக்கும் "வந்தது" என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். துண்டுக்கான எண் 16 பிட் என்பதால் பழைய முறையில் 32 எம்பியோடு எல்லை வந்துவிடும். பின்னால் வந்த நீட்சிகள் இதைச் சரிசெய்தன. ஆனாலும் முதலில் ஐபிக்ஸி என்ற சிறு நிரலை மட்டும் டிஎஃப்டிபியில் இறக்கி, மீதியை அதன் மூலம் எச்டிடிபியில் இழுப்பது மேல். நெட்வொர்க் கார்டில் பூட் ரோம் இல்லாவிட்டாலும், கிரப் எழுகிறதென்றால் ஐபிக்ஸியைக் கிரப்பிலிருந்தே கிளப்பலாம்.

யூஇஎஃப்ஐ (பயாஸின் இடத்துக்கு வந்த புதிய முறை) கணினிக்குக் கொடுக்க வேண்டிய கோப்பு வேறு, பயாஸ் கணினிக்கு வேறு. செக்யூர் பூட் இயங்கினால் கையொப்பமில்லாத ஐபிக்ஸியை அது ஏற்காது. வைஃபை வழியே இந்த வேலை பொதுவாக நடக்காது. நெட்வொர்க் துளையே இல்லாத மெல்லிய மடிக்கணினியில் யுஎஸ்பி அடாப்டரை மாட்டினாலும் ஃபர்ம்வேருக்கு அதைத் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவையும் கணக்கில் எடுத்தாலும், டிஸ்க்கில் ஒரு பிட் கூட மாறாமல் நூறு முறை தோற்கலாம் என்ற நிம்மதி இதில் இருக்கிறது.

டிஸ்க்கைக் கழற்றுவது

பிக்ஸி அமைக்க ஒரு மாலை ஆகும் என்றால், டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டி நிறுவுவது அரை மணி நேர வேலை. அதனால் இதுதான் சிறந்தது என்று சொல்பவர்கள் உண்டு. டெஸ்க்டாப் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிறுவி முடித்துத் திரும்ப மாட்டிய பிறகு "பூட் ஆகும் சாதனம் இல்லை" என்று கணினி சொல்லும்போதுதான் இதன் உண்மையான விலை தெரியும்.

யூஇஎஃப்ஐ கணினியில் எந்த இயங்குதளத்தை எழுப்ப வேண்டும் என்ற குறிப்பு மதர்போர்டின் நினைவகத்தில் எழுதப்படுகிறது. நீங்கள் நிறுவியது உதவிக் கணினியில். குறிப்பும் அங்கேயே தங்கிவிட்டது. டிஸ்க் மட்டும் திரும்பி வந்திருக்கிறது. குறிப்பு இல்லாதபோது யூஇஎஃப்ஐ தேடும் இடம் ஒன்று உண்டு: ஈஎஃப்ஐ அடைவுக்குள் பூட் அடைவு, அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு. கிரப்பின் ஒரு பிரதி அங்கே இருந்தால் சிக்கல் தீர்ந்தது. டெபியன் நிறுவி இதற்கென்றே ஒரு கேள்வி வைத்திருக்கிறது. அதற்கு ஆம் என்று சொல்ல வேண்டும்.

இன்னொன்று, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. உதவிக் கணினியின் சொந்த டிஸ்க்கைக் கழற்றாமல் நிறுவினேன். இயங்குதளம் சரியாக என் டிஸ்க்கில் இறங்கியது, பூட்லோடர் மட்டும் உதவிக் கணினியின் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரே நேரத்தில் இரண்டு கணினிகளின் துவக்கமும் கெட்டது. அன்றிலிருந்து அந்த டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

யுஎஸ்பி-சாட்டா அடாப்டரில் மாட்டிச் செய்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. பெரிய டிஸ்க்குகளுக்கென வந்த சில அடாப்டர்கள் 512 பைட் செக்டாரை (டிஸ்க்கின் மிகச்சிறு அலகு) 4096 பைட்டாக மாற்றிக் காட்டும். அப்படிப் பங்கிட்ட டிஸ்க்கை நேரடியாகச் சாட்டாவில் மாட்டினால் பார்ட்டிஷன் அட்டவணையே படிக்க முடியாது. முடிந்தால் சாட்டா கேபிளிலேயே மாட்டுங்கள்.

விண்டோஸ் வேண்டுமென்றால்

பழைய விண்டோஸ் எழுகிறதென்றால் (8 அல்லது பிறகு) ஐஎஸ்ஓவை இரண்டு முறை சொடுக்கித் திறந்து உள்ளிருக்கும் செட்டப்பை ஓட்டுவதே போதும். 32-பிட் விண்டோஸில் இருந்து 64-பிட் செட்டப் ஓடாது. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே இல்லை. எதுவும் எழவில்லை என்றால் ஐபிக்ஸியுடன், விண்டோஸ் செட்டப்பைக் கிளப்பும் விம்பூட் நிரலைச் சேர்த்து நெட்வொர்க்கில் செய்யலாம், ஆனால் கோப்புகளுக்குத் தனியே ஒரு பகிர்வு அடைவும் வைக்க வேண்டும். இங்கே நான் டிஸ்க்கைக் கழற்றும் பக்கம்தான் சாய்வேன். உதவிக் கணினியில் கோப்புகள் இறங்கி முடிந்து, முதல் மறுதொடக்கம் வரும் நொடியில் அணைத்து, டிஸ்க்கைச் சொந்தக் கணினிக்கு மாற்றுங்கள். சாதனங்களைக் கண்டறியும் கட்டம் அங்கே நடக்கும். இரண்டு கணினிகளும் ஒரே பூட் முறையில் இருக்க வேண்டும். யுஎஸ்பியில் மாட்டிய டிஸ்க்கில் விண்டோஸ் செட்டப் நிறுவ மறுத்துவிடும்.

மற்றவை

பயாஸுக்கு யுஎஸ்பி தெரியாது, ஆனால் பென்டிரைவ் கையில் இருக்கிறது என்றால் ப்லாப் பூட் மேனேஜர். தன் சொந்த யுஎஸ்பி டிரைவரோடு வருவதால் பயாஸின் தயவு வேண்டாம். கிரப்பிலிருந்தும் கிளப்பலாம். யுஎஸ்பி 1.1 துளை என்றால் வினாடிக்கு 1 எம்பி அளவில்தான் நகரும், பொறுமை வேண்டும்.

தொலைவில் இருக்கும், கையால் தொட முடியாத சர்வருக்குக் கெக்ஸெக். லினக்ஸ் 2.6.13-இல், 2005-இல் சேர்ந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கர்னலே புதுக் கர்னலை ஏற்றி அதற்குத் தாவிவிடும். பயாஸ் இடையில் வருவதே இல்லை. நிறுவி நெட்வொர்க் பிடிக்காமல் தொங்கினால், சர்வரை அணைத்துப் போட்டால் பழைய சிஸ்டமே எழும்.

எந்த வழியில் ஏற்றியிருந்தாலும், புது சிஸ்டம் எழுந்த அன்றே நெட்பூட்டின் அந்த இரண்டு கோப்புகளைப் பூட் அடைவில் போட்டு, கிரப் மெனுவில் ஒரு வரி சேர்த்து, ஒருமுறை அதில் பூட் செய்து நிறுவியின் முதல் திரை வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். அடுத்த முறை அந்தக் கணினியைத் திறக்கத் திருப்புளி தேட வேண்டியிருக்காது.