மோடம் ஒலியை சவுண்டு கார்டுக்குக் கொண்டுவர எந்த வழி நல்லது?

லேண்ட்லைன் பேச்சைப் பழைய கணினியில் பதிய நினைப்பவர்களுக்கு என் ஓட்டு டிஏடி (TAD, Telephone Answering Device) கேபிளுக்குத்தான்; மோடத்தையும் சவுண்டு கார்டையும் கணினிக்குள்ளேயே இணைக்கும் வயர் அது. கணினிக்குள் பொருத்தும் வாய்ஸ் மோடம் (டேட்டாவோடு குரலையும் கையாளும் மோடம்) பலவற்றில் நாலு பின் கொண்ட சின்ன கனெக்டர் ஒன்று இருக்கும். சவுண்டு பிளாஸ்டர் லைவ் போன்ற கார்டுகளிலும் அதற்கு ஜோடி உண்டு. நடுவில் இரண்டு பின்னும் கிரவுண்ட். ஓரத்தில் ஒன்று மோடத்திலிருந்து வரும் ஒலிக்கு, இன்னொன்று போகும் ஒலிக்கு. சிடி டிரைவுக்கான கனெக்டரும் இதே வடிவம்தான், அதனால் போர்டில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுச் செருகுங்கள். செருகியும் சத்தம் இல்லையா? மிக்சரில் (கணினியின் ஒலி அளவு அமைப்பில்) டிஏடி-இன் மியூட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த வழியில் பெரிய லாபம், லைனின் மின்சாரம் கணினிப் பக்கம் எட்டிப் பார்க்காது. மோடத்துக்குள் இருக்கும் தடுப்பே அதைப் பார்த்துக்கொள்ளும்.

மோடத்தை விட்டுவிட்டு லைனிலிருந்தே ஒலி எடுக்கலாமே என்பார்கள் சிலர். எடுக்கலாம், ஆனால் வயரை நேராக லைன்-இன்னில் (சவுண்டு கார்டில் வெளி ஒலியை வாங்கும் ஜாக்கில்) கொடுத்தால் கார்டு போய்விடும். போன் கீழே வைத்திருக்கும்போதே லைனில் 48 வோல்ட் டிசி நிற்கிறது. மணி அடிக்கும்போது அதன்மேல் 75 வோல்ட், சில சமயம் 90 வோல்ட் ஏசி ஏறும். லைன்-இன் எதிர்பார்ப்பதோ சுமார் 1 வோல்ட். எனவே 600 ஓம், 1:1 டிரான்ஸ்பார்மர் வேண்டும். லைன் பக்கம் தொடராக 250 வோல்ட் தாங்கும் கெபாசிட்டர் வேண்டும், இல்லாவிட்டால் போனை எடுத்துவிட்டதாக எக்ஸ்சேஞ்ச் நினைத்துக்கொள்ளும். கார்டு பக்கம், வோல்டேஜ் எகிறினால் வெட்டிவிட, எதிரெதிராக இரண்டு ஜீனர் டயோடு. டிரான்ஸ்பார்மரை மிச்சம் பிடித்தால் லைனின் ஒரு கால் கணினியின் கிரவுண்டில் மாட்டி, 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் விடாமல் கேட்கும். இத்தனையும் சரியாகச் செய்தாலும் ஒரு தொல்லை பாக்கி: இரண்டு பேர் குரலும் ஒரே ஜோடி வயரில் வருவதால் உங்கள் குரல் காதைப் பிளக்கும், எதிர்முனை கிணற்றுக்குள்ளிருந்து பேசும்.

மூன்றாவது வழியில் சவுண்டு கார்டே வேண்டாம். ஏடி+எஃப்கிளாஸ்=8 (AT+FCLASS=8) என்ற கட்டளையால் மோடத்தைக் குரல் முறைக்கு மாற்றிப் பதிவைத் தொடங்கினால் வாய்ஸ் மோடமே ஒலியை டிஜிட்டலாக்கி சீரியல் போர்ட்டில் அனுப்பிவிடும். தொலைபேசிக் குரல் 300 முதல் 3400 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுவதால் நொடிக்கு 8000 சாம்பிள் தாராளம். ஆனால் பெரும்பாலும் ஒரு நேரத்தில் பதியலாம், அல்லது ஒலிக்கவிடலாம். இரண்டும் சேர்ந்து நடக்காது. ஆன்சரிங் மெஷினுக்கு அருமை, உரையாடலுக்கு ஆகாது.

வெளியே வைக்கும் மோடமாக இருந்து, பின்னால் ஸ்பீக்கர் ஜாக் இருந்தால் வேலை இன்னும் சுலபம்: ஒரு 3.5 மிமீ ஆடியோ வயர் போதும். மறுமுனையை லைன்-இன்னில் செருகுங்கள். மைக்-இன்னில் செருகினால் ஒலி கிழியும்.