சொந்தக்காரரிடம் தவணையில் வாடகை வீடு வாங்கப் போகிறீர்களா? கையெழுத்துக்கு முன் இதைப் படியுங்கள்

குடும்ப விஷயத்தை வெளியே சொல்லாதே என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனாலும் எழுதுகிறேன், இன்னொருவர் இதில் மாட்டக் கூடாது.

சித்தப்பாவுக்கு வாடகைக்கு விட்ட வீடுகள் இரண்டு. "வெளியாளுக்கு எதுக்குக் கொடுக்கணும், நீயே எடுத்துக்கோப்பா. பேங்குக்கெல்லாம் அலையாதே, எனக்கே மாசாமாசம் கட்டு" என்றார். முதல் சொத்து என்ற சந்தோஷம் எனக்கு. சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கொடுத்தேன். மீதிக்கு 60 தவணை, கடைசித் தவணை கட்டியதும் கிரயம். ஒப்பந்தத்தை எழுதியவர் அவருடைய ஆள். என் பக்கம் அதைப் படித்துப் பார்க்க நான் யாரையும் வைக்கவில்லை.

14-வது மாதம், குடியிருக்கும் அம்மா ஒருவர் போனில் படம் அனுப்பினார். வாசற்கதவில் வங்கி நோட்டீஸ். ஒட்டிய பசை இன்னும் காயாமல் ஓரத்தில் வழிந்திருந்தது. "தம்பி, நாங்க காலி பண்ணணுமா?" என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இரண்டு வீடுமே எனக்கு விற்பதற்கு முன்பே அடமானத்தில் இருந்திருக்கின்றன. நான் ஒரு மாதம் தவறாமல் கட்டிய பணம் சித்தப்பாவின் தொழிலுக்குப் போயிருக்கிறது. வங்கிக்கு 5 மாதமாகப் போகவில்லை. வங்கியில் போய் நின்றால், கணக்கில் என் பெயரே இல்லை, பாக்கி எவ்வளவு என்றுகூட எனக்குச் சொல்ல முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். அடமானம் வாங்கிக் கடன் கொடுத்த வங்கிக்குத்தான் சொத்தின் மேல் முதல் பிடி.

வட்டியையும் அப்போதுதான் உட்கார்ந்து பார்த்தேன். "வெறும் 10 சதவீதம்" என்றாரே, அது 5 வருஷமும் முழு அசலுக்கு. 100-க்கு 50 வட்டி சேர்த்து 150-ஐ 60 தவணையாகப் பிரித்திருக்கிறார்கள். மாதாமாதம் குறையும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால் அது ஏறக்குறைய 17 சதவீதம்! குடியிருப்பவர்கள் கொடுத்திருந்த அட்வான்ஸும் என் கைக்கு வரவே இல்லை.

தயவுசெய்து பணம் கொடுக்கும் முன் இரண்டு காகிதம் கேளுங்கள். ஒன்று, வீட்டின் மேல் எவ்வளவு கடன் இருக்கிறது என்று வங்கி எழுதிக் கொடுத்த கடிதம். இன்னொன்று, தவணைவாரியாக அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்த அட்டவணை. கடன் இருந்தால் வங்கி சம்மதம் எழுத்தில் வரட்டும், தவணையை நேராக அந்தக் கணக்கிலேயே கட்டுங்கள். "நமக்குள்ள எதுக்குப்பா பேப்பர்" என்று யாராவது சொன்னால், அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

5 மாத பாக்கியையும் நானே கட்டினேன். இப்போது தவணை நேராக வங்கிக்குப் போகிறது, ரசீது என்னிடம். போன மாதம் ஒரு குடும்பம் காலி செய்தபோது, நான் வாங்காத அட்வான்ஸை என் பணத்திலிருந்து எண்ணிக் கொடுத்தேன். அவர்கள்மேல் என்ன தப்பு? சித்தப்பா இன்னும் போனை எடுக்கவில்லை.